லண்டனில் கிடைத்த கீதை

1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறியபோது மோகன்தாஸ் காந்திக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் தாய் அனுமதித்தார். கடல் கடப்பது பாவம் என்று தடுத்த சாதிப் பெரியவர்கள், சொல் கேட்காத பையனைச் சாதியை விட்டே தள்ளிவைத்தார்கள்.

லண்டனில் இறங்கியவரை முதலில் பிடித்துக்கொண்டது வெள்ளைக்காரக் கனவானாகும் ஆசை. 19 ஷில்லிங்குக்கு ஓர் உயரத் தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுனுக்குத் தைத்த மாலைநேர உடை, 3 பவுனுக்கு வயலின், போதாக்குறைக்கு நடன வகுப்பு. டை கட்டவும் வகிடு எடுக்கவும் தினமும் பத்து நிமிடம் கண்ணாடி முன் நின்றதாகச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். இந்த மோகம் சுமார் மூன்று மாதத்தில் தணிந்தது.

தணியாதது பசி. மாமிசம் கூடாது, உப்பு உறைப்பு இல்லாமல் வேகவைத்த காய்கறியோ தொண்டையில் இறங்கவில்லை. தெருத்தெருவாக அலைந்தவர் கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அங்கே விற்பனைக்கு இருந்த சைவ உணவுக்காக வாதிடும் ஹென்றி சால்ட்டின் புத்தகத்தை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிப் படித்தார். ராஜ்கோட்டில் நண்பனோடு சேர்ந்து ரகசியமாக மாமிசம் தின்று பார்த்தவர் அவர். இந்தியர் எல்லோரும் மாமிசம் உண்ண வேண்டும் என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தவர். அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு தாமே விரும்பிச் சைவரானார். தாய்க்குக் கொடுத்த வாக்காக இருந்தது அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று.

கீதை கிடைத்ததும் லண்டனில்தான். பிரம்மஞான சபையைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள், எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தங்களோடு சேர்ந்து படிக்க அழைத்தார்கள். மூலத்தையோ குஜராத்தி மொழிபெயர்ப்பையோ அதுவரை படித்ததில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

சொந்த ஊரில் இருந்திருந்தால் இந்த வெட்கத்துக்கு வேலையே இல்லை. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உண்டு, ஒரே மாதிரி கும்பிடும் இடத்தில், ‘ஏன்?’ என்று யாரும் கேட்பதில்லை. வெளியூர்க்காரன்தான் கேட்பான்.

2018-இல் ஹாஜோ ஆடம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. மொத்தம் 1,874 பேரை வைத்து ஆறு ஆய்வுகள் நடத்தினார்கள். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தாங்கள் யார், எதை மதிக்கிறோம் என்பதில் கூடுதல் தெளிவு இருந்தது. ‘இந்த எண்ணம் உண்மையிலேயே என்னுடையதா, ஊர் வழக்கம் என்பதால் ஒட்டிக்கொண்டதா?’ என்று அங்கே அடிக்கடி யோசிக்க நேர்வதுதான் காரணம் என்பது அவர்களின் முடிவு. எத்தனை நாடுகளில் வாழ்ந்தார்கள் என்பதைவிட எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதே கணக்கில் வந்தது.

வில்லியம் மாடக்ஸும் ஆடம் கலின்ஸ்கியும் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது. அதில் ஒரு புதிர்: ஒரு மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறைய குத்தூசி. மெழுகு தரையில் சொட்டாதபடி வத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். ஊசிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதையே தாங்கியாக்குவதுதான் விடை. வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் இந்த விடையை அதிகம் கண்டுபிடித்தார்கள். சுற்றுலா மட்டும் போய்வந்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

ஆனால், மனத்தைத் திறக்கக் காலம் மட்டும் போதாது. சில நேரம் காலமே தேவைப்படுவதில்லை. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1964 ஏப்ரலில் ஹஜ் சென்றது சில வாரப் பயணம்தான். வெள்ளையர் எல்லோரும் சாத்தான்கள் என்று மேடைதோறும் முழங்கியவர், மக்காவில் நீலக்கண் கொண்ட வெள்ளை முஸ்லிம்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டார். பழைய முடிவுகள் சிலவற்றை மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்று அங்கிருந்தே கடிதம் எழுதினார்.

பயணம் புதிய யோசனையைத் தரும் என்பதற்குத் தமிழில் நல்ல உதாரணம் ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911-இல் பிறந்து, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான், காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் யோசனை அவருக்கு வந்தது. அன்று காந்தி பிறந்தநாள். அதற்காகச் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து, பல நாடுகளில் சிதறிக்கிடந்த படச்சுருள்களைத் திரட்டினார். 1940-இல் படம் வெளிவந்தது.

இந்த மூவரும் பார்வையாளர்களாகத் திரும்பவில்லை. ஒருவர் புதியவர்களோடு சேர்ந்து கீதை படித்தார், ஒருவர் பந்தியில் உட்கார்ந்தார், ஒருவர் தொழில் கற்றார். ‘பத்து நாளில் ஏழு நாடுகள்’ என்று வரும் டூர் விளம்பரங்களில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. பத்து நாள்தான் கையில் இருக்கிறதென்றால் ஒரே ஊரில் தங்குங்கள். அந்த ஊர் பஸ்ஸில் ஏறுங்கள், சந்தையில் காய் வாங்குங்கள். நம்மூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தேடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.