அலைக்குளத்தில் ஒரு நடுக்கம்

இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தையை முதன்முறையாகக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாமா எனப் பெற்றோர் தயங்கியே எங்களிடம் கேட்கின்றனர். தாராளமாகச் செல்லுங்கள் என்கிறோம். அன்றைய இன்சுலின் அளவை மட்டும் முன்னரே மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்; ஓடியாடிய நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கக்கூடும்.

நாங்கள் அஞ்சுவது இராட்டினங்களுக்கு அல்ல, அலைக்குளத்துக்கு. நடுங்கியவாறு கரையேறும் குழந்தைக்குக் குளிரா, தாழ்சர்க்கரையா என்பதைப் பெற்ற தாயாலும் பார்த்தவுடன் சொல்ல இயலாது. ஊகிக்க வேண்டா, விரலைக் கழுவித் துடைத்துச் சோதியுங்கள். பஞ்சுமிட்டாய் ஒட்டிய விரல் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். 70-க்குக் கீழிருந்தால் உடனே குளுக்கோஸ். 15 நிமிடத்தில் மறுசோதனை. மயங்கிய குழந்தைக்கு வாய்வழி எதுவும் புகட்டாதீர்கள்.

வெளியுணவுக்குத் தடையுள்ள வாயிலில் காட்ட மருத்துவர் கடிதம் உதவும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள். பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள், உறைந்த மருந்து பயன்படாது.