டோபா ஏரிக்குள் உயர்ந்த சமோசிர் தீவு: ஆந்திர மண்ணில் கிடைக்கும் அதன் எரிமலைச் சாம்பல்

பெங்களூரு: ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தின் ஜ்வாலாபுரம் கிராமத்தில் மண்ணுக்கடியில் வெண்சாம்பல் அடுக்கு ஒன்று உள்ளது. இந்தோனேசியாவின் சுமத்ராவில் இருக்கும் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது காற்றில் பறந்து வந்த சாம்பல் அது. மழைநீர் அதைப் பள்ளங்களில் கொண்டு சேர்த்ததால், சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் படிந்துள்ளது.

அந்த வெடிப்பில் நிலத்தடிப் பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேறியதால், மேலிருந்த நிலம் உள்வாங்கியது. அந்தப் பள்ளத்தில் நீர் நிரம்பி உருவானதே டோபா ஏரி. நீளம் சுமார் 100 கி.மீ., அகலம் 30 கி.மீ., ஆழம் 500 மீட்டர்.

ஏரியின் நடுவே உள்ள சமோசிர், எரிமலைத் தீவு என்றவுடன் மனத்தில் தோன்றும் கூம்பு வடிவ மலை அன்று. வெடிப்புக்குப் பின் அடியில் எஞ்சிய பாறைக்குழம்பின் அழுத்தத்தால் ஏரியின் தரையே மெல்ல மேலெழுந்து தீவானது. தீவின் மேற்பரப்பில் காணப்படும் ஏரிப் படிவுகளே இதற்குச் சான்று. சென்னை மாநகராட்சியைவிடப் பரப்பில் பெரிய இத்தீவுக்குள் சிதிஹோனி என்ற சிறு ஏரியும் உண்டு. உண்மையில், மேற்கே பங்குருரான் அருகே ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்று இதைச் சுமத்ராவுடன் இணைத்திருந்தது. டச்சு ஆட்சிக் காலத்தில் அங்குக் கால்வாய் வெட்டப்பட்ட பிறகே சமோசிர் முழுமையான தீவாயிற்று.

இங்கு வாழும் டோபா பதக் மக்கள் நெல் பயிரிடுகின்றனர், மீன் பிடிக்கின்றனர், 'உலோஸ்' எனும் துணியை நெய்கின்றனர். இரு முனைகளும் உயர்ந்த கூரையுடைய மரவீடுகளும், தோமோக் கிராமத்தின் கல் சவப்பெட்டிகளும் பயணிகளை ஈர்க்கின்றன. எனினும், ஏரியைக் கடக்கும் படகுகளே பலருக்கும் போக்குவரத்து. 2018 ஜூன் 18 அன்று, சமோசிரின் சிமானிந்தோவிலிருந்து புறப்பட்ட படகு அளவுக்கு மீறிய பயணிகளுடன் மூழ்கியதில் 160-க்கும் மேற்பட்டோர் காணாமல் போயினர். சுமார் 450 மீட்டர் ஆழத்தில் கிடந்த படகை மீட்க இயலாமல் தேடுதல் பணி கைவிடப்பட்டது.

டோபா வெடிப்பால் மனித இனமே அழிவின் விளிம்புக்குச் சென்றதாக ஒரு கருத்து உண்டு. தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிஷெட்டர் உள்ளிட்டோர் ஜ்வாலாபுரத்தில் நடத்திய அகழாய்வு, அக்கருத்தை ஐயுற வைத்தது. சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கற்கருவிகள் பெரிதும் ஒத்திருப்பதாக 2007-இல் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் தெரிவித்தனர். அங்கு வாழ்ந்தோர் பேரழிவைத் தாண்டியிருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. அதை ஏற்காத ஆய்வாளர்களும் உள்ளனர்.

விவாதம் ஒருபுறம் தொடர, துப்புரவுப் பொடி தயாரிப்புக்காக ஜ்வாலாபுரத்தின் சாம்பல் வெட்டி எடுக்கப்பட்டு வந்துள்ளது.