சொந்த மைதானம் வாங்கி முன்னேறிய சீக்கியர் கால்பந்து கிளப்

வில்லன்ஹால்:

இங்கிலாந்து கால்பந்து என்றதும் மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் என்றுதான் வாயில் வரும். அதெல்லாம் உச்சாணிக்கொம்பு. மேலே உள்ள 4 டிவிஷன்களில் மொத்தமே 92 கிளப்புகள்தான். அதற்கு கீழே படிப்படியாக நூற்றுக்கணக்கான சின்ன கிளப்புகள் இருக்கின்றன. இவற்றை ‘நான்-லீக்’ கிளப்புகள் என்பார்கள். இங்கு ஆடுபவர்களில் பெரும்பாலானோருக்கு பகலில் வேறு வேலை. சாயங்காலம் பயிற்சி. சனிக்கிழமை ஆட்டம்.

இந்த கூட்டத்தில் தலைப்பாகைக்காரர்கள் தொடங்கிய கிளப்தான் ‘ஸ்போர்ட்டிங் கால்சா’. குரு கோவிந்த் சிங் 1699-ம் ஆண்டு உருவாக்கிய சீக்கியர் அமைப்பின் பெயர் கால்சா. அந்த பெயரையே கிளப்புக்கும் வைத்து விட்டார்கள்.

தலைப்பாகை தகராறு

கிளப்பின் இடம் வில்லன்ஹால். உல்வர்ஹாம்டன் நகருக்கு பக்கத்தில், பூட்டு தயாரிப்புக்கு பேர் போன ஊர். 1950, 60-களில் இந்த வட்டாரத்து இரும்பு பட்டறைகளுக்கு கூலி வேலைக்கு வந்த பஞ்சாபியர் ஏராளம்.

வந்தவர்களுக்கு ராஜ மரியாதை ஒன்றும் கிடைக்கவில்லை. தலைப்பாகை, தாடியுடன் பஸ் ஓட்டக்கூடாது என்று 1967-ம் ஆண்டு உல்வர்ஹாம்டனில் பிரச்சினை கிளம்பியது. சீக்கியர்கள் தெருவில் இறங்கி போராடினார்கள். 1969-ல்தான் தடை நீங்கியது. இதற்கு நடுவே 1968 ஏப்ரல் 20-ந்தேதி அந்த ஊர் எம்.பி. ஈனோக் பவல், வெளிநாட்டில் இருந்து குடியேறுபவர்களுக்கு எதிராக பேசிய பேச்சு நாட்டையே உலுக்கியது.

அப்படிப்பட்ட மண்ணில் 1991-ம் ஆண்டு தொடங்கியதுதான் கால்சா கிளப்.

ஜெயித்தாலும் மேலே போக முடியாது

நான்-லீக்கில் ஒரு சிக்கல் உண்டு. கோப்பை ஜெயித்தால் மட்டும் அடுத்த படிக்கு போய்விட முடியாது. மைதானத்தையும் வந்து பார்ப்பார்கள். சுற்றி தடுப்பு கம்பி, உடை மாற்றும் அறை, கூரை போட்ட கேலரி, ராத்திரி ஆட்டத்துக்கு மின்விளக்கு கோபுரம் எல்லாம் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் அங்கே 4 மணிக்கே இருட்டிவிடும். விளக்கு இல்லை என்றால் வேலை நாளில் ஆட்டமே கிடையாது.

பூங்காவில் ஆடிப் பழகிய ஏழை பாழை கிளப்புகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். லண்டனில் வங்கதேசத்தவர்கள் 1996-ல் தொடங்கிய ‘ஸ்போர்ட்டிங் பெங்கால் யுனைடெட்’ கிளப் ஆடி வந்த மைல் எண்ட் ஸ்டேடியம் கூட நகராட்சிக்கு சொந்தமானதுதான்.

கால்சா வேறு வழியில் போனது. 2010-ம் ஆண்டு வில்லன்ஹாலின் நூஸ் லேன் மைதானத்தை சொந்தமாக வாங்கியது. அடுத்தவன் கையை எதிர்பார்க்கும் வேலை அதோடு போனது. மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு கிளப்பிலேயே சுடச்சுட இந்திய சாப்பாடும் கிடைக்கும். அதை ருசிக்கவே வெள்ளைக்கார ரசிகர்கள் வருவதும் உண்டு!

2015-ல் நடந்த அமர்க்களம்

2015 அக்டோபரில் எப்.ஏ. கோப்பையின் 4-வது தகுதி சுற்றுக்கு கால்சா முன்னேறியது. இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் தொழில்முறை கிளப்புகள் வந்து சேரும் முதல் சுற்று. எதிரே நின்றது எப்.சி. யுனைடெட் ஆப் மான்செஸ்டர். மான்செஸ்டர் யுனைடெட்டை அமெரிக்க பணக்காரர் வாங்கியது பிடிக்காமல், கோபித்துக்கொண்டு வெளியேறிய ரசிகர்கள் 2005-ல் தொடங்கிய கிளப் இது. அப்போது கால்சா இருந்தது 9-வது படியில். எதிரணி 6-வது படியில்.

சொந்த மைதானத்தில் மல்லுக்கட்டிய கால்சா 3-1 என்று தோற்றது. ஆனால் அதற்கு முன் கேள்விப்படாதவர்களுக்கும் அந்த பெயர் தெரிந்து போனது. 2021-ல் 8-வது படிக்கும் ஏறியது.

மேலே போகப்போக அணியில் வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று எல்லோரும் கலந்து விட்டனர். ‘‘சீக்கியர் கிளப்பில் சீக்கியர் எங்கே?’’ என்று கேட்கத்தோன்றும். ஜெயிக்க வேண்டும் என்றால் நன்றாக ஆடுபவனைத்தானே இறக்க முடியும்.

அதை விட பெரிய கேள்வி மேலே இருக்கிறது. 2021 கணக்கெடுப்புப்படி இங்கிலாந்து, வேல்சில் 9.3 சதவீதம் பேர் ஆசிய வம்சாவளியினர். ஆனால் அங்குள்ள தொழில்முறை கால்பந்து வீரர்களில் தெற்காசிய வம்சாவளியினரை எண்ணினால் 1 சதவீதம் கூட தேறாது.