மாற்றிய செல்லும் மாறாத கோளாறும்

வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும். பின் ஆசனப் பக்கமிருந்து விசிறி பலமாக இரையத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் டாஷ்போட்டில் முக்கோண விளக்கு எரியும். கொழும்பில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஹைபிரிட் கார் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன தலைவலி. கராஜில் ஸ்கேன் போட்டால் ஹைபிரிட் பட்டரிக் கோளாற்றுக்கான குறியீடு பி0ஏ80 என்று வரும்.

"ஒரு செல்தான் போயிருக்கு அண்ணே, மாத்தினாச் சரி."

மாற்றுவார்கள், சரியாகவும் இருக்கும். சில மாதத்தில் அதே விளக்கு, அதே குறியீடு.

"தம்பி, போன முறையும் இதைத்தானே சொன்னீங்க?"

"இது வேற செல் அண்ணே."

அவர் பொய் சொல்லவில்லை. அது வேறு செல்தான். கோளாறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் இந்தக் கார்களின் வயதைப் பார்ப்போம். ரொயோட்டா அக்வா ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2011 டிசம்பரில். ஹைபிரிட்டுக்கு இங்கே வரிச்சலுகை இருந்த காலத்தில் ப்ரியஸ், அக்வா, ஹொண்டா ஃபிட் எல்லாம் கப்பல் கப்பலாக வந்திறங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மறுபடி வழி திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் நடுத்தரக் குடும்பம் பின்வாங்கத்தான் வேண்டும். இடையில் ஐந்து வருடம், நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. கார் கிழடானது, விலை மட்டும் ஏறியது. அப்படி வாங்கியவர்கள்தான் இன்று மாதம் தவறாமல் கராஜ் வாசலில் நிற்கிறார்கள்.

அக்வாவின் பின் ஆசனத்துக்குக் கீழே இருப்பது 144 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பட்டரி. கராஜில் 'செல்' என்று சொல்வது உண்மையில் ஆறு செல்கள் சேர்ந்த, 7.2 வோல்ட் மொடியூல். அக்வாவில் அப்படி 20, மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் 28. எல்லாம் தொடராக இணைந்தவை, ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றுக்குள்ளும் போகிறது. அதனால் வலுக்குறைந்தது முதலில் காலியாகும், முதலில் சூடேறும், முதலில் விழும். அடுத்த வலுக்குறைந்தது அதன் பின்னே காத்திருக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கராஜில் இந்தப் பட்டரிப் பெட்டியைத் திறப்பதை நின்று பார்த்தேன். செம்மஞ்சள் நிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றித் தன் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தார் பாஸ். உயிரை எடுக்கும் மின்சாரம் அது. வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. மூடியை எடுத்ததும் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. ஒவ்வொரு மொடியூலிலும் ஹெட்லைட் பல்பை இரண்டு நிமிடம் எரியவிட்டு, முன்னும் பின்னும் வோல்ட் பார்த்து, மொடியூலின் தலையிலேயே மார்க்கரால் எழுதினார். ஒன்று 6.5க்கு விழுந்துவிட்டது. இன்னும் மூன்று மற்றவற்றைவிடத் தெளிவாகக் கீழே நின்றன. விழுந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பெட்டியை மூடினால், அந்த மூன்றும் அடுத்தடுத்த மாதங்களின் செலவு.

மாற்றிப் போடும் மொடியூல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து, இன்னொரு காரிலிருந்து கழற்றிய பெட்டியிலிருந்து. அதற்கும் இதே வயதுதான். பழைய வரிசையோடு சார்ஜ் சமப்படுத்திப் போட வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். அவசரத்தில் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

விசிறியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட்டரிக்குக் காற்று போகும் வழி பின் ஆசனத்தருகே இருக்கிறது. பிள்ளைகளின் ஸ்கூல் பேக் அதை மறைக்கும், கொழும்புத் தூசி உள்ளே போய்ப் பஞ்சாக அடைக்கும். வெயிலில் நிறுத்திய காரில் அந்தப் பட்டரி வெந்துவிடும். விசிறியைக் கழற்றித் துடைப்பதற்கு ஆகும் காசு ஒரு மொடியூல் விலைக்குப் பக்கத்திலும் வராது. செல் மாற்றிய கையோடு இதையும் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

என் உறுதியான எண்ணம் இது: எல்லா மொடியூல்களின் வோல்ட் அளவையும் தாளில் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் சமமாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதை மாற்றுவது நியாயம். நாலைந்து தள்ளாடினால், செல் செல்லாகக் கொட்டும் காசைச் சேர்த்து முழுப் பெட்டியையும் மாற்றுவதுதான் புத்தி. ரசீதும் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். எந்த மொடியூல், என்ன திகதி, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்பது அதில் இருக்கட்டும்.

இப்படியொரு கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்பதற்கு முதல் நாள் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு எரியாது, ஸ்கேனும் சுத்தமாக இருக்கும். ஆனால் அழித்த பிறகு கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைப் பல ஸ்கேனர்கள் தனியாகக் காட்டும். அந்த இடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் 20, 30 என்று இருந்தால், ஏன் அழித்தீர்கள் என்று விற்பவரிடம் நேரே கேளுங்கள்.