பழைய லொறி வாங்கப் போகிறீர்களா? விமானம் வாங்குபவன் பார்ப்பதைப் பாருங்கள்

அண்மையில் கொழும்பு போயிருந்த வேளை, இரத்மலானை விமான நிலையத்தில் விமானம் திருத்தும் பகுதியில் வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு பழைய சிறு விமானங்கள் பக்கம் திரும்பியது. ஓட்டப் பழகுபவர்களுக்கான செஸ்னா 152 ரக விமானத்தை 1977 முதல் 1985 வரைதான் செய்தார்களாம். ஆக, இன்று பறக்கும் ஒவ்வொன்றுக்கும் வயது குறைந்தது நாற்பது. "இதையெல்லாம் எந்தத் தைரியத்தில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?" என்று கேட்டேன்.

"மாமா, வாங்குகிறவன் முதலில் விமானத்தைப் பார்க்க மாட்டான். புத்தகத்தைத்தான் பார்ப்பான்" என்றான்.

விமானத்தின் உடலுக்கு ஒரு புத்தகம், எஞ்சினுக்கு ஒன்று, முன்னால் சுழலும் விசிறிக்கு ஒன்று. எந்தத் திகதியில் எந்தப் பாகம் மாற்றியது, எங்கே அடிபட்டது, யார் கையொப்பமிட்டது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஓட்டத்தை மைல் கணக்கில் அல்ல, எஞ்சின் ஓடிய மணித்தியாலக் கணக்கில் எழுதுவார்கள். இந்த ரக எஞ்சின்கள் பலவற்றை 2000 மணித்தியாலம் அளவில் முழுதாகப் பிரித்துச் செய்ய வேண்டும் என்று செய்த கம்பனியே சொல்லியிருக்கிறது. குறைவாக ஓடியது என்றும் சந்தோஷப்பட முடியாதாம். பறக்காமல் கிடந்தால் எஞ்சினுக்குள்ளேயே துரு ஏறிவிடும். கடற்கரைப் பக்கம் நின்ற விமானம் என்றால் உடலெல்லாம் துளாவிப் பார்ப்பார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நம் ஊர் வியாபாரிகள் லொறி வாங்கும் முறைதான் ஞாபகம் வந்தது. நாம் பெயின்ட்டைப் பார்க்கிறோம், டயரை உதைத்துப் பார்க்கிறோம், மீட்டரைப் பார்க்கிறோம், பிறகு விலை பேசுகிறோம். புத்தகத்தைக் கடைசியில்தான் கேட்கிறோம்.

நானும் அப்படி வாங்கியவன்தான். பல வருடங்களுக்கு முன் தரகர் ஒருவர் மூலம் 14 அடி லொறி ஒன்றை எடுத்தேன். அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. கவனமாக வைத்திருந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் மாதம், அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பசறையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் ஏறும்போது பின்பக்கம் ஒரு சாய்வு சாய்ந்தது. சாரதி கெட்டிக்காரன், மலைப் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட்டான். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. கராஜில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சேசிஸ் ஏற்கனவே உடைந்து, தகடு வைத்து வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அந்த லொறி முன்பு மீன் ஏற்றியது என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். உப்பும் ஐஸ் தண்ணீரும் வருடக் கணக்கில் வடிந்தால் எந்த இரும்பு தாங்கும்?

ஆகவே, லொறி எங்கே நின்றது, என்ன ஏற்றியது என்பதுதான் முதல் கேள்வி. நம் பகுதியில் தோட்டத்து லொறிகள் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. உரம் ஏற்றிய லொறியின் தளப் பலகையைத் தூக்கிப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். உரமும் மீனைப் போலவே இரும்பைத் தின்னும். கொழுந்து லொறியின் மீட்டரைப் பார்த்தால் கொஞ்ச மைல்தான் காட்டும். ஆனால் மலையிலிருந்து பெக்டரிக்கு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நாள் முழுக்க இழுத்த எஞ்சின் அது. கொழும்புப் பாதையில் ஓடிய லொறி அதைவிட இரண்டு மடங்கு மைல் காட்டினாலும் எஞ்சின் நன்றாக இருக்கலாம். விமானக்காரர் மணித்தியாலம் கணக்குப் பார்ப்பதன் நியாயம் இதுதான்.

எஞ்சினை, ஆறிக் கிடக்கும்போதே, நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பரிசோதனை நாளுக்கென்று டீசல் பம்பைக் குறைத்து வைத்து, பிறகு கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பதைப் பதுளை டவுனுக்குள் முடித்துக்கொள்ளாதீர்கள். சுமை ஏற்றி நமுனுகுல பக்கம் ஏறி இறங்குங்கள். ஏறும்போது எஞ்சின் சத்தம் கூடி லொறி வேகம் எடுக்கவில்லை என்றால் கிளச் தேய்ந்துவிட்டது. இறங்கும்போது மூன்றாம் கியரில் விட்டு அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியர் தானாகக் கழன்று விழுந்தால் அந்த லொறி மலைநாட்டுக்கு உதவாது. எக்ஸோஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றி பிரேக் ட்ரம்மைப் பாருங்கள். நீல நிறம் பாய்ந்தோ மயிரிழை போல் வெடித்தோ இருந்தால் பலமுறை சூடேறிய ட்ரம். 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் பயணித்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். அந்த இறக்கத்தில்தான் நம் சரக்கும் சாரதிமாரும் போய்வருகிறார்கள்.

சோதிக்கும் பாஸ் நீங்கள் கூட்டிப் போகும் ஆளாக இருக்க வேண்டும். விற்பவர் காட்டும் கராஜ் வேண்டாம். கூலியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வியாபாரம் படிந்தால்தான் காசு என்றால் அவர் வாயில் குறை வராது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரத்தான் செய்யும். ஆசனத்தைத் தூக்கி அடியில் சேறு இருக்கிறதா, வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா, விளக்குக் கண்ணாடிக்குள் நீர் படிந்த அடையாளம் உண்டா என்று பாருங்கள்.

இனிப் புத்தகம். பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் லொறியில் அடித்திருக்கும் இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். ஓபன் பேப்பரில் வாங்குவதை நம்மவர்கள் பெரிய கெட்டித்தனமாக நினைக்கிறார்கள். பெயர் மாற்றும் செலவு மிச்சம்தான். ஆனால் பதிவு உரிமையாளர் மௌத்தாகிவிட்டால் அவரது வாரிசுகள் ஒவ்வொருவரின் பின்னாலும் அலைய வேண்டும். நாளை விபத்து நடந்தால் காப்புறுதிக்காரன் கேட்கும் முதல் கேள்வியும் வாகனம் யார் பெயரில் என்பதுதான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றாத லொறி உங்கள் சொத்தல்ல, உங்களிடம் நிற்கும் ஒரு பாரம்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். இடையிலே பழைய லொறிக்கெல்லாம் பவுன் விலை கேட்டார்கள். அந்தக் காலத்தில் எந்த லொறி கிடைத்தாலும் போதும் என்று வாங்கிப் பழகிய அவசரம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. "நாளைக்கு வேறொருவர் அட்வான்ஸ் தருகிறார்" என்று தரகர் சொன்னால் அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. குறையை மறைத்து விற்றால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மார்க்கத்தில் இருக்கிறது. பார்த்துத்தானே எடுத்தாய் என்று வாயை அடைக்க முடியாது. பூச்சுக்கு அடியில் இருந்ததை நான் எங்கே பார்த்தேன்?

எனக்கு விற்றவரைத் தேடிப் போனபோது அவர் கடையை மூடிவிட்டு வேறு ஊர் போயிருந்தார். அந்த லொறியை நான் விற்றபோது, வெல்டிங் இருந்த இடத்தைச் சுரண்டியபடியே விட்டு, வந்தவரிடம் காட்டினேன். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் மட்டும் விலை பேசினார். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. சேசிஸைப் பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டோம்.