பாலைவனத்துல ரெண்டு ராத்திரி: குடும்பத்தோட ஜெய்சல்மர் போறவங்களுக்கு

(எபிசோடின் ஒலிவடிவத்தைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். காத்திவாக்கத்துல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருந்தாங்க. அதை அப்படியே சொல்லிடறேன்.

"தம்பி, டிசம்பர் லீவுல நாங்க அஞ்சு பேரு ஜெய்சல்மர் போலாம்னு இருக்கோம். நானு, வூட்டுக்காரரு, பசங்க ரெண்டு பேரு, மாமியாரு. அங்க டெசர்ட் நேஷனல் பார்க்னு ஒண்ணு இருக்காமே? எங்க வண்டியையே எடுத்துனு போயி, மணல் மேட்டுல ஓட்டி, நடுவுல டென்ட் போட்டு ரெண்டு ராத்திரி தங்கணும்னு இவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மாமியாருக்கு நட்சத்திரம் பாக்கணும். எங்க பக்கம் ராத்திரி ஆனா துறைமுகத்து லைட்டுதான் தெரியுது. சின்னவனுக்கு ஆறு வயசு, பெரியவளுக்குப் பதினொண்ணு. போலாமா வேணாமா, நீயே சொல்லு."

போலாம் அக்கா. தாராளமா போலாம். ஆனா அண்ணன் போட்ட பிளான்ல மூணு விஷயத்தை மாத்தணும்: டென்ட் போடற இடம், வண்டி, அப்புறம் தேதி. ஒவ்வொண்ணா பேசுவோம்.

முதல்ல, அது என்ன இடம்?

ராஜஸ்தானின் ஜெய்சல்மர், பார்மர் மாவட்டங்களில் பரவியிருக்கும் இந்தப் பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். விரிவாக்கத்துக்கு அப்புறம் நம்ம சென்னை மாவட்டமே 426 சதுர கிலோமீட்டர்தான். அதாவது ஏழு சென்னை உள்ள அடங்கும்.

பேரைக் கேட்டதும் எல்லாம் மணல் மேடுனு நினைச்சுக்கறோம். உண்மையில் ஒரு பகுதிதான் மணல் மேடு. மீதி பாறைத் தரை, சரளை மண், உப்புப் படுகை, புல்வெளி. அந்தப் புல்லுக்குச் சேவண்னு பேரு. அங்க நிக்கிற கேஜ்ரி மரம் வேற எதுவும் இல்ல, நம்ம ஊர் வன்னி மரம்தான்.

பேர்ல நேஷனல் பார்க்னு இருந்தாலும், 1980-ல் இது வனவிலங்குச் சரணாலயமாகத்தான் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும். இது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்றது. அதே சமயம் உள்ளேயே பல கிராமங்கள் இருக்கு. மக்கள் ஆடு, மாடு, ஒட்டகம் மேய்க்கிறாங்க. தார் ரோடும் போகுது. அதனால "கேட் எங்க இருக்கு, உள்ள எங்க வந்துட்டோம்"னு பல இடத்துல தெரியாது. தெரியலங்கறதுக்காக ரோட்டை விட்டு வண்டியை இறக்கிட முடியாது.

நடுவுல ஏன் டென்ட் போடக் கூடாது?

சட்டம் ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம் ஒரு பறவை. கானமயில். ஒரு காலத்துல தமிழ்நாடு வரைக்கும் இருந்த பறவை. ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும். பறக்கக்கூடிய பறவைகள்லயே ரொம்ப கனமானவற்றில் ஒண்ணு. இப்போ உலகத்துலயே இருநூறுக்கும் கீழதான் மிஞ்சியிருக்கு. அதில் பெரும்பகுதி இந்த ஜெய்சல்மர் வட்டாரத்தில்தான்.

கானமயில் கூடு கட்டாது. வெறும் தரையில் முட்டை போடும், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. மண் நிறத்திலேயே இருக்கும். நடந்து போறவங்க கண்ணுக்கே தெரியாது, வண்டி ஓட்டறவங்க கண்ணுக்குச் சுத்தமா தெரியாது. முட்டை போடற காலம் முக்கியமா வெயில், மழைக்காலம். டிசம்பர்ல முட்டை இல்லைனே வெச்சுக்குவோம். ஆனா அந்தப் புல்வெளியும் அங்க இருக்கற அமைதியும்தான் அதோட வீடு. வண்டி ஒரு தடவை போன தடத்துல அடுத்த வண்டி போகும், அப்புறம் அதுவே ரோடு ஆயிடும்.

இன்னொரு ஆபத்து மின்கம்பி. கானமயிலுக்கு நேர் முன்னாடி பார்வை ரொம்பக் கம்மி. கனமான உடம்பு, சட்டுனு திரும்ப முடியாது. கம்பியில மோதிச் செத்துடும். இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கம்பிகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோகணும்னு 2021-ல் உத்தரவு வந்தது. 2024-ல் அதை மாற்றி, எங்கெங்கே முடியும்னு பார்க்க நிபுணர் குழு போட்டாங்க. சூரிய மின்சாரமும் நாட்டுக்கு வேணும், பறவையும் வேணும். சுலபமா தீராத பஞ்சாயத்து இது.

இங்க காத்திவாக்கத்து ஆளுங்களுக்கு நான் ஒண்ணு சொல்லணும். ஆத்து முகத்துவாரத்தையும் அலையாத்தி நிலத்தையும் மேப்ல பாத்துட்டு "சும்மாதானே கிடக்குது"னு சொன்னவங்களை உங்களுக்கு நல்லாத் தெரியும். அங்க இறால் தடவறவங்க, வலை வீசறவங்க யாரும் அந்த மேப்ல இல்ல. சாம்பல் படிஞ்ச அப்புறம்தான் அது யாரோட இடம்னு பேச்சே வந்தது. ஜெய்சல்மர்லயும் அதே கதை. ஓரண்னு சொல்வாங்க. ஊர் சாமி பேர்ல விட்டு வெச்ச பொது நிலம். மரத்தை வெட்ட மாட்டாங்க, மேய்ச்சல் மட்டும்தான். தலைமுறை தலைமுறையா காப்பாத்தின ஓரண்கள் பல, அரசுப் பதிவேட்டில் தரிசு நிலம். நம்ம பொறம்போக்கு மாதிரியேதான்.

நானும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். சில வருஷம் முன்னாடி குரி பக்கம் நண்பர்களோட போனப்போ, "யாரும் இல்லையே"னு ரோட்டை விட்டு வண்டியை இறக்கினோம். முந்நூறு மீட்டர்கூடப் போகல, புதைஞ்சிடுச்சு. கால் மணி நேரத்துல ஒரு ஆடு மேய்க்கிற பெரியவர் வந்தார். யாருமே இல்லாத இடம்னு நினைச்ச எங்களை எங்கிருந்தோ பாத்துட்டே இருந்திருக்கார். தள்ளி விட்டார். அப்புறம் நாங்க போட்ட தடத்தையும் மிதிபட்ட புல்லையும் கையால காட்டினார். ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது.

அப்போ எங்க தங்கறது?

ரெண்டு பேர் ஞாபகம் வெச்சுக்கோங்க. சம், குரி. சம் மணல் மேடுகள் ஜெய்சல்மருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். கூட்டம், ஒட்டகச் சவாரி, ராத்திரி ஸ்பீக்கர் பாட்டு, வரிசையா கேம்ப். பசங்களுக்குப் பிடிக்கும், மாமியாருக்குத் தலை வலிக்கும். குரி தென்மேற்கே ஏறக்குறைய அதே தூரம். சின்ன ஊர். மண் குடிசை வீடுகள்ல தங்கலாம், வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், சத்தம் கம்மி. என் ஓட்டு குரிக்குத்தான்.

டென்ட்லதான் தூங்கணும்னு அண்ணன் அடம் பிடிச்சா, தங்கற இடத்தோட வளாகத்துக்குள்ளயே போட அனுமதி கேளுங்க. பாத்ரூம் பக்கத்துல இருக்கும். ஆறு வயசுப் பையனும் வயசானவங்களும் இருக்கும்போது, ராத்திரி ரெண்டு மணிக்கு அதோட அருமை தெரியும்.

கானமயில் பாக்கணும்னா ஜெய்சல்மர் வனத்துறை அலுவலகத்துல அனுமதி வாங்கி, சுதாசரி பகுதிக்கு உள்ளூர் வழிகாட்டியோட காலையிலேயே போங்க. பாத்தே தீருவோம்னு பசங்களுக்கு வாக்கு குடுக்காதீங்க. சிங்காரா மான், பாலைவன நரி, கழுகு வகைகள் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. பைனாகுலர் ஒண்ணு கடன் வாங்கிட்டுப் போங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம். சரணாலயம், அதுக்கு மேல பாகிஸ்தான் எல்லை மாவட்டம். எல்லையை ஒட்டின சில பகுதிகளுக்குத் தனி அனுமதி வேணும். அதனால எல்லாரோட ஒரிஜினல் அடையாள அட்டையும் கையில இருக்கட்டும்.

வண்டி

சென்னையிலிருந்து ஜெய்சல்மர் ரோட்டு வழியா 2,200 கிலோமீட்டருக்கு மேல. போறதுக்கே குறைஞ்சது நாலு நாள். பத்து நாள் லீவுல எட்டு நாள் ஹைவேயிலேயே போயிடும். சென்னையிலிருந்து ஜோத்பூரை ஒட்டின பகத் கி கோத்தி வரைக்கும் நேரடி ரயில் இருக்கு. ரெண்டு ராத்திரிப் பயணம். அங்கிருந்து ஜெய்சல்மர் இன்னும் 280 கிலோமீட்டர் சொச்சம். முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், டிசம்பர் லீவு டிக்கெட் சீக்கிரம் போயிடும், அலாரம் வெச்சுக்கோங்க. ரயில்ல கேஸ் சிலிண்டர் கொண்டு போகக் கூடாது. கேம்பிங் அடுப்பு ஆசை இருந்தா மூட்டை கட்டிடுங்க.

ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம். நம்ம ஊர்ல எஸ்.யூ.வி.னு ஓடறதுல பெரும்பாலானது முன் சக்கரம் மட்டும் இழுக்கற வண்டி. உயரமா இருக்கறது வேற, நாலு சக்கரமும் இழுக்கறது வேற. எண்ணூர் குப்பத்து மணல்ல ஒரு பைக்கைத் தள்ளிப் பாத்தவங்களுக்கு இது புரியும்.

மணல்ல ஓட்டற ஆசை இருந்தா, சரணாலயத்துக்கு வெளிய, உள்ளூர்க்காரங்க வழக்கமா ஓட்டற மேட்டுல, அனுபவம் உள்ள டிரைவரோட ஒரு ஃபோர் வீல் ஜீப் எடுத்து ஒரு மணி நேரம் போங்க. ஏறறதுக்கு முன்னாடி மூணு கேள்வி: சீட் பெல்ட் இருக்கா? பசங்களை உட்கார வெச்சுத்தான் ஓட்டுவீங்களா? மெதுவா போகச் சொன்னா போவீங்களா? பின்னாடி கம்பியைப் பிடிச்சு நிக்க வெச்சு ஓட்டற ஜீப்ல பசங்களை ஏத்தாதீங்க. முதுகு, இடுப்பு வலி இருக்கறவங்க ஏறவே வேணாம். மாமியார் மேட்டு மேல உட்கார்ந்து டீ குடிக்கட்டும்.

மணல் ஓட்டற விதம் என்னனு அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல, அதையும் சொல்லிடறேன். முதல் வேலை டயர் காத்தைக் குறைக்கறது. ரோட்டுல 32 பி.எஸ்.ஐ. இருந்தா மணல்ல 18, 20 வரைக்கும் இறக்குவாங்க. டயர் சப்பையாகி, மணலைத் தொடற பரப்பு கூடும், எடை பரவும், புதையாது. திரும்ப ரோட்டுக்கு ஏறும்போது காத்து நிரப்பியே ஆகணும். அதனால பம்ப் இல்லாம காத்தை இறக்கக் கூடாது. மேட்டுல நேரா ஏறணும், நேரா இறங்கணும். குறுக்கால போனா வண்டி சாஞ்சு உருளும். நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாம, ஆக்சிலேட்டரை விட்டு, இறக்கம் பார்த்து தானா நிக்க விடணும். புதைஞ்சா சக்கரத்தைச் சுத்தவே கூடாது. சுத்தச் சுத்த குழி ஆழமாகும். இறங்கி, டயருக்கு முன்னாடி மணலை அள்ளி, இன்னும் கொஞ்சம் காத்தை இறக்கி, மெதுவா எடுக்கணும். ஒத்த வண்டியா போறது கூடவே கூடாது.

தண்ணி, குளிர், பூச்சி

டிசம்பர்னா வெயில் இல்லைனு தண்ணி குடிக்க மாட்டோம். காத்து வறண்டு இருக்கறதால வேர்வை உடனே காஞ்சிடும், உடம்புல தண்ணி குறையறது தெரியாது. சென்னையில காத்துலயே ஈரம் இருக்கு, நமக்கு இது பழக்கமில்லாத ஊர். வெளிய போற நாள்ல ஆளுக்கு அஞ்சு லிட்டர்னு கணக்கு வெச்சு, வண்டியில இன்னொரு கேன் தனியா போடுங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கட்டாயம்.

பகல்ல 25 டிகிரி, ராத்திரி பத்துக்குக் கீழ, சில நாள் அஞ்சு வரைக்கும் இறங்கும். நம்ம வீட்டுல இருக்கற ஒரே ஸ்வெட்டர் பத்தாது. ஒரு தடிமனான ஜாக்கெட்டை விட மூணு அடுக்கு துணி நல்லது. தலைக்கும் காதுக்கும் மஃப்ளர். சாக்ஸ் ரெண்டு ஜோடி கூடுதலா.

அந்த மணல்ல சுருட்டை விரியனும் தேளும் உண்டு. குளிர்காலத்துல நடமாட்டம் கம்மி, ஆனா இல்லைனு சொல்ல முடியாது. தரையில படுக்காதீங்க, கட்டில் கேளுங்க. காலையில ஷூவைத் தட்டிட்டுப் போடுங்க. ராத்திரி டார்ச் இல்லாம நடக்காதீங்க. பாம்பு கடிச்சா வாயால உறிஞ்சறது, கத்தியால கீறறது, இறுக்கிக் கட்டறது எதுவும் வேணாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வெச்சு, உடனே ஜெய்சல்மர் அரசு மருத்துவமனை. அவசர நம்பர் 112. போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், அதனால மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் பண்ணிடுங்க. எங்க போறீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கனு தங்கற இடத்துல சொல்லிட்டுக் கிளம்புங்க.

தேதியும் நாலு நாள் பிளானும்

தேதிக்கு வர்றேன். மாமியாருக்கு நட்சத்திரம்தானே வேணும்? அப்போ வீட்டுச் சுவத்துல தொங்கற தினசரி காலண்டரைப் புரட்டி அமாவாசை எப்போனு பாருங்க. அதுக்கு முன்னப் பின்ன மூணு நாளுக்குள்ள குரியில இருக்கற மாதிரி டிக்கெட் போடுங்க. பௌர்ணமி அன்னிக்குப் போனா மணல் அழகா இருக்கும், நட்சத்திரம் பாதி காணாமப் போயிடும்.

முதல் நாள் ஜெய்சல்மர் கோட்டை, ஓய்வு, வனத்துறை அனுமதி வேலை. ரெண்டாவது நாள் காலையில ஆகல் மரப் புதைபடிவப் பூங்கா. பார்மர் ரோட்டுல 17 கிலோமீட்டர். 18 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லாகிக் கிடக்கு. இன்னிக்குப் பாலைவனமா இருக்கற இடம் அன்னிக்குக் காடு. பெரியவளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் குரி. மூணாவது நாள் விடியக்காலை சுதாசரி, மதியம் தூக்கம், சாயங்காலம் ஜீப், ராத்திரி வானம். நாலாவது நாள் காலையில திரும்பிடுங்க. இதுக்கு மேல ஒரு இடமும் திணிக்காதீங்க.

செலவு, லீவு ரெண்டும் சரிப்படலைனா தமிழ்நாட்டுக்குள்ளயே தேரி இருக்கு. தூத்துக்குடி மாவட்டத்துல, திருச்செந்தூர் பக்கம், சிவப்பு மணல் மேடு. அதுலயும் காப்புக்காடு உண்டு, அங்கயும் வனத்துறை அனுமதி, அதே ஒழுங்குதான். பகல்ல நடந்து பாத்துட்டு வரலாம்.

கடைசியா அண்ணனுக்கு. மணல் மேட்டுல நீங்க ஓட்டற வீடியோ இல்லாம திரும்பி வரப் போறீங்க, கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கும். ஆனா அம்மாவை ஒரு கட்டில்ல படுக்க வெச்சு, போர்வை போத்தி, லைட்டை அணைச்சுட்டு மேல பாக்கச் சொல்லுங்க. அவங்க கேட்டது அதுதானே.

அக்கா, போயிட்டு வந்து இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மத்தவங்களும் உங்க டிரிப் சந்தேகங்களை அனுப்பலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.