மோட்டார் காரின் பிரேக் காலிப்பர் இறுகுதல்: பழுதை அறிதலும் செப்பனிடுதலும்

வயலுக்கு டிராக்டரும் குடும்பத்துக்குக் காரும் வைத்திருக்கும் வீடுகள் திருநள்ளாறு, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் முதலிய கொம்யூன்களில் இப்போது அரிதல்ல. உழவுக்கு முன் டிராக்டரைச் சோதிப்பவர்கள் காரை அவ்விதம் சோதிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்காய்க் கொட்டகையில் நின்ற கார், தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் நாள்தோறும் ஓடுகிறது. அப்போது வண்டி ஒருபுறம் இழுக்கிறதென்றும், பெட்ரோல் அதிகம் செலவாகிறதென்றும் முறையீடு எழுகிறது. பல சமயங்களில் குற்றம் எஞ்சினில் இல்லை. முன் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பர் இறுகியிருப்பதேயாம். நம் பிரதேசத்துச் சாலைகளில் இறக்கம் கிடையாதாகையால், கெட்ட பிரேக்கும் நல்லதுபோலவே நெடுநாள் நடமாடும். குறுக்கே ஒரு கன்று ஓடிவரும் அன்றே அதன் நிலை வெளிப்படும்.

காலிப்பர் என்பது, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கிடுக்கி. சிறிய கார்களில் சாதாரணமாய் அதன் ஒரு பக்கத்தில் மாத்திரம் ஒரு பிஸ்டன் உண்டு. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் உள்பக்கத்துப் பேடைத் தட்டின்மேல் தள்ளும். உடனே காலிப்பர் இரண்டு வழுக்குப் பின்களின்மீது நகர்ந்து வெளிப்பக்கத்துப் பேடையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், அழுத்தத்தில் சற்றே முறுக்கிக்கொண்டு, அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகையில் பிஸ்டனையும் உடன் இழுத்துக்கொள்கிறது. மயிரிழையளவேயான இந்த அசைவைத் துருவும் சேறும் தடுத்துவிடப் போதும்.

கடற்காற்றின் உப்பும், நடவுக்கால வண்டலும் நமக்கு இரட்டைப் பகை. பின்னையும் பிஸ்டனையும் மூடியுள்ள ரப்பர் உறை ஓரிடத்தில் கிழிந்தாலும், உப்புநீர் உட்புகுந்து துருவேற்றும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 என்னும் வகையில் புதிய ஆயில் 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் கொதிக்கலாகாதென்பது விதி, சுமார் 3.7 சதவிகிதம் நீர் கலந்த ஆயிலுக்கோ அந்த எல்லை 155 டிகிரியே. ஈரம் ஏறிய ஆயில் பிஸ்டனை உள்ளிருந்தும் அரிக்கும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது நலம்.

பழுதை அறிய, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவும், தொடவேண்டாம். எதிர்ப்புறச் சக்கரத்தைவிட ஒன்று மிகுந்த உஷ்ணமாயிருந்தால் அதில் பிரேக் விடுபடவில்லை. இழுக்கும் திசையைக் கொண்டு தீர்மானிப்பதில் பலர் தவறுகிறார்கள். மிதிக்காமலே வண்டி இடப்புறம் சாய்ந்தால் இடக் காலிப்பர் இறுகியிருக்கலாம். மிதிக்கும்போது மாத்திரம் இடப்புறம் சாய்ந்தால், இடப்பக்கம் நன்றாய்ப் பிடிக்கிறது, வலப்பக்கமே வேலை செய்யவில்லை என்று கொள்ளவேண்டும்.

பிறகு சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியில் நிறுத்தவும். ஒருவர் பிரேக்கை மிதித்து விட்டபின் சக்கரம் கையால் சுழலாவிடில், காலிப்பரின் காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்தவும். ஆயில் பீறிட்டதும் சக்கரம் விடுபட்டால், குற்றம் காலிப்பரில் இல்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, ஆயில் திரும்பும் வழியை அடைத்திருக்கிறது. அப்போதும் விடுபடாவிடில் சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரைப் பார்க்கவேண்டும். பேடுகள் இரண்டும் வெவ்வேறு கனமாய்த் தேய்ந்திருப்பதோ, ஒரே பேடு சாய்வாய்த் தேய்ந்திருப்பதோ பின்கள் அல்லது பிஸ்டன் இறுகியதன் அடையாளம். அதைக் கவனியாமல் புதுப் பேடு மாத்திரம் போடுவது வீண்செலவு. அதுவும் சில மாதங்களில் அவ்வாறே தேயும்.

பின் இறுகியிருந்தால் வைத்தியம் எளிது. அவற்றை உருவி, மேல் கீழ் மாறாமல் குறித்து வைத்துக்கொண்டு, துருவைச் சுத்தமாய் நீக்கி, பிரேக்குக்கென்றே விற்கப்படும் சிலிகோன் கிரீஸைத் தடவி, கிழிந்த உறைகளை மாற்றவேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ஆகாது. இங்கேதான் விவசாயிகள் விசேஷ ஜாக்கிரதையாய் இருக்கவேண்டும். டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் தட்டுகள் கியர் எண்ணெயிலேயே மூழ்கி வேலை செய்கின்றன. அந்த வழக்கத்தை எண்ணிக் காரின் பிரேக் கிண்ணத்தில் டிராக்டர் எண்ணெயை ஊற்றினாலும், பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவினாலும், ரப்பர் சீல்கள் யாவும் ஊதிக் கெடும். அதன்பின் ஒரு காலிப்பரோடு செலவு நிற்காது.

பிஸ்டன் இறுகியிருந்தால் வேலை கடினமே. பிஸ்டனை வெளியே எடுக்கக் கம்ப்ரஸர் காற்றைப் பாய்ச்சுவதும், அதன்முன் விரலை வைப்பதும் அபாயம், விரல் நசுங்கிவிடும். மரக்கட்டையை இடையில் வைத்து, பெடலை மெதுவாய் மிதித்தே வெளிக்கொணர்வது உசிதம். சீல் உராயும் பாகத்தில் துருக்குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் தேய்த்துப் பயனில்லை, புதுப் பிஸ்டனே போடவேண்டும்; சிலிண்டரிலும் குழி ஆழமாயிருந்தால் காலிப்பரையே மாற்றுவது மிச்சம். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்கவும். பேடின் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும். கைப்பிரேக் உள்ளே அமைந்த பின்சக்கரக் காலிப்பரை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அதன் பிஸ்டனைத் தள்ளக்கூடாது, அதற்குரிய கருவியால் திருகி உள்ளே செலுத்தவேண்டும்.

யாவற்றையும் பூட்டிக் காற்றை நீக்கியபின், வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்கவேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். இதை மறந்து வண்டியைக் கிளப்பினால் முதல் திருப்பத்தில் பிரேக் இராது. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மெதுவாய் ஓட்டி, முன்போலவே சக்கரங்களின் உஷ்ணத்தை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.